அங்கீனாவும் அஞ்ஜைனாவும்: திருகோணமலையில் ஒரு ரஷ்ய–ஆங்கில மொழிபெயர்ப்புப் பயிற்சி

ரஷ்ய மொழி நன்றாகவும் ஆங்கிலம் போதிய அளவும் தெரிந்த ஒருவர், இரண்டுக்கும் இடையே மொழிபெயர்க்கத் தொடங்கியபோது எங்கே சறுக்கினார், அந்தச் சறுக்கல் எப்படிப் பிடிபட்டது, எது இன்னும் சரிவரவில்லை என்பதை இந்தப் பதிவு சொல்கிறது. ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

கற்பவர் இருபதுகளின் பிற்பகுதியில் உள்ள பெண். வீடு உப்புவெளிப் பக்கம். ரஷ்யாவில் ஓராண்டு மொழி ஆயத்த வகுப்பும், தொடர்ந்து மூன்றாண்டு மருத்துவமும் படித்துவிட்டு, குடும்ப நிலைமையால் படிப்பை இடையில் நிறுத்தி ஊர் திரும்பியவர். நிலாவெளியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை. வாடை ஓய்ந்து கடல் அடங்கியபின் மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கரைக்கு உல்லாசப் பயணிகள் வருவார்கள். அவர்களில் ரஷ்ய மொழி பேசுபவர்கள் இருந்தால் விடுதியில் எல்லோரும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். கதைப்பதில் தொடங்கிய உதவி, வெகு சீக்கிரம் தாள்களுக்கு வந்துவிட்டது. பயணியின் மருத்துவச் சான்று, காப்புறுதிக் கடிதம், படகில் ஒட்டும் அறிவித்தல், ரஷ்யாவில் படிக்கும் ஊர்ப் பிள்ளைகளின் பல்கலைக்கழகக் கடிதங்கள் என்று ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன.

வழிகாட்டி உவர்மலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற பொறியியலாளர். 1980களில் சோவியத் ஒன்றியத்தில் படித்தவர். இயந்திரக் கையேடுகளை நீண்ட காலம் ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிய அனுபவம் அவருக்கு உண்டு. பெப்ரவரியில் பயிற்சி தொடங்கியது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம், ஒரு நாளைக்கு 150 சொல் அளவில் ஒரு பத்தி.

இந்தப் பயிற்சியின் தனித்தன்மை ஒன்றை முதலிலேயே சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்புப் பாடங்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்று தாய்மொழி என்று வைத்துக்கொண்டே எழுதப்படுகின்றன. தாய்மொழிக்குள் மொழிபெயர், வெளியே அல்ல என்பது தொழிலின் பொது விதி. திருகோணமலையில் இருந்து இதைச் செய்யும் ஒரு தமிழருக்கு இரண்டுமே பிறமொழி. அந்த விதியில் அவருக்கு இடமே இல்லை.

மார்ச், ஏப்ரலில் கண்டவை

முதல் இரண்டு மாதமும் வழமையான முறைதான். வாசிப்பது, தெரியாத சொல்லை அகராதியில் பார்ப்பது, ஆங்கிலத்தில் எழுதுவது. ஒரு மணி நேரத்துக்கு 100 சொல் வரை முடிந்தது. வழிகாட்டி சிவப்புப் பேனையால் திருத்தினார்.

ரஷ்ய இலக்கணம் அவரைச் சிரமப்படுத்தவில்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களை மாதக்கணக்கில் வாட்டும் ஆறு வேற்றுமைகளும், எட்டு வேற்றுமையோடு பிறந்தவருக்கு இயல்பாக வந்தன. ‘எனக்குக் குளிருது’ என்பதை ரஷ்யரும் நான்காம் வேற்றுமையில் ‘எனக்கு’ என்றுதான் தொடங்குவார்கள். ‘என்னிடம் இருக்கிறது’ என்பதையும் தமிழைப் போலவே ‘என்னிடம்’ என்று தொடங்குவார்கள். ‘அவர் வைத்தியர்’ என்ற வாக்கியத்தில் வினைச்சொல் தேவையில்லை என்பதிலும் இரு மொழியும் ஒன்று. நீ, நீங்கள் என்ற வேறுபாடும் அங்கே உண்டு.

பிழைகளில் பாதிக்குக் கிட்ட, ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘எ’ (a), ‘த’ (the) என்ற ஆர்ட்டிக்கிளில் விழுந்தன. ரஷ்ய மொழியில் ‘எ’யும் இல்லை, ‘த’வும் இல்லை. பழைய செய்தி, புதிய செய்தி என்ற வேறுபாட்டை அது பெரும்பாலும் சொல் ஒழுங்கால் காட்டும். ‘இறங்குதுறைக்கு வந்தது படகு’ என்ற ஒழுங்கில் ரஷ்யர் எழுதினால், படகு இப்போதுதான் கதைக்குள் வருகிறது. ஆங்கிலத்தில் ‘எ’ போட வேண்டும். ‘படகு வந்தது இறங்குதுறைக்கு’ என்றால் நமக்கு ஏற்கெனவே தெரிந்த படகு, ‘த’ வேண்டும். கற்பவர் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைக் கவனிக்காமல், காதுக்கு எது சரியாகப் பட்டதோ அதை எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்தது பெயரெச்சத் தொடர். ‘எமது பிரிவில் சிகிச்சை பெற்றுவரும் நோயாளி’ என்று பெயருக்கு முன்னால் நீளமாக அடுக்குவது தமிழிலும் இயல்பு, ரஷ்ய அலுவலக நடையிலும் இயல்பு. ஆங்கிலத்தில் நோயாளியை முதலில் வைத்து, மற்றதைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். அவர் எழுதிய ஆங்கில வாக்கியங்களில் பெயர்ச்சொல் வருவதற்கு முன் வாசகருக்கு மூச்சு முட்டியது.

சொற்பொருள் பிழை மிகக் குறைவு. அதனால் இருவரும் அதற்குப் பெரிய கவனம் கொடுக்கவில்லை. தவறு அங்கேதான் நேர்ந்தது.

மே மாதம்: சுழியோடியின் மருத்துவச் சான்று

பருவம் தொடங்கிய இரண்டாம் கிழமை, விடுதியில் தங்கியிருந்த நாற்பது வயது மதிக்கத்தக்க ரஷ்யர் ஒருவர் புறாத்தீவுப் பக்கம் சுழியோடப் பதிவு செய்தார். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் உள்ள அந்தத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. சுழியோடுபவர் முன்கூட்டியே மருத்துவக் கேள்விக்கொத்து ஒன்றை நிரப்ப வேண்டும். இருதய நோய் இருந்ததாகச் சொன்னால் வைத்தியரின் அனுமதி இல்லாமல் இறக்கமாட்டார்கள். அவர் தன் ஊர் மருத்துவமனைச் சான்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஒரே ஒரு பக்கம். கற்பவர் அதை வரவேற்பு மேசையில் நின்றபடியே இருபது நிமிடத்தில் ஆங்கிலமாக்கி, படமெடுத்து வட்ஸ்அப்பில் சுழியோட்ட நிலையத்துக்கு அனுப்பிவிட்டார்.

அரை மணி நேரத்தில் அங்கிருந்து தொலைபேசி வந்தது.

“தங்கச்சி, இவருக்குச் சின்ன வயசிலயிருந்து ஹார்ட் வருத்தம் எண்டு எழுதியிருக்கிறீங்க. இவரை நாங்க கடலுக்குள்ள இறக்க ஏலாது.”

“இல்லையே அண்ணா, அப்பிடி ஒண்டும் அதில இல்லையே.”

சான்றின் ‘முன்பு வந்த நோய்கள்’ பகுதியில் இருந்த வரி இது: 12 வயது வரை அடிக்கடி ‘அங்கீனா’, பின்னர் அறுவைச் சிகிச்சையில் டொன்சில் அகற்றல். ரஷ்ய மொழியில் அங்கீனா என்றால் டொன்சில் அழற்சி, நம் பேச்சில் தொண்டை நோ. ஆங்கிலத்தில் அதே இலத்தீன் வேரிலிருந்து வந்த ‘அஞ்ஜைனா’ என்ற சொல்லைத் தனியே எழுதினால், எந்த வைத்தியரும் இருதய நெஞ்சுவலி என்றே எடுப்பார். அந்த நெஞ்சுவலிக்கு ரஷ்ய மருத்துவச் சொல் ‘ஸ்தெனகர்தீயா’. கற்பவர் அங்கீனாவுக்கு அஞ்ஜைனா என்று எழுதியிருந்தார். அதே வரியில் டொன்சில் அகற்றியதையும் சரியாகவே எழுதியிருந்தார். பன்னிரண்டு வயதுக்குள் ‘அடிக்கடி’ இருதய நெஞ்சுவலி வந்து, அதற்கு டொன்சிலை எடுத்தார்கள் என்று சொல்லும் ஒரு வரி, எழுதியவர் கண்ணில் படாமல் போய்விட்டது.

அன்றைய சுழியோட்டம் நின்றது. பயணியின் ஒரு நாள் வீணானது. திருத்திய பிரதியை அடுத்த நாள் ஒரு வைத்தியர் பார்த்து அனுமதித்த பின்னரே அவர் இறங்கினார். பிழை மறுபுறமாக, அதாவது இருதய நோயைத் தொண்டை நோவாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இருவரும் அன்று பேசினார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்த விதம்

அன்று மாலை வழிகாட்டி திட்டவுமில்லை, விளக்கம் சொல்லவுமில்லை. சான்றை எடுத்து முன்னால் வைத்தார்.

“பிள்ளை, இந்த வரியைத் தமிழில சொல்லு பாப்பம்.”

“சின்ன வயசில அடிக்கடி தொண்டை நோ, பிறகு டொன்சில் எடுத்தது சேர்.”

ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. ரஷ்யாவில் பனிக்காலத்தில் அவருக்கே இரண்டு முறை வந்த நோய் அது. சொல்லின் பொருள் நன்றாகத் தெரியும். பொருள் தெரிந்தே கை பிழையாக எழுதியிருக்கிறது. அவசரத்தில் கண் ஒரு சொல்லின் உருவைப் பார்த்தது, கை அதற்கு ஒத்த ஒலியுள்ள ஆங்கிலச் சொல்லை எழுதியது, இடையில் விளங்கிக்கொள்ளுதல் என்ற படி நடக்கவே இல்லை. இரண்டு மாதமாக அகராதிப் பயிற்சி கொடுத்தும் இதைத் தடுக்க முடியாததன் காரணம் இதுதான். தெரிந்த சொல்லுக்கு யாரும் அகராதி பார்ப்பதில்லை.

இந்த வகைச் சொற்கள் ரஷ்ய மொழியில் ஏராளம். ‘மகஸீன்’ சஞ்சிகை அல்ல, கடை. ‘ஃபமீலியா’ குடும்பம் அல்ல, குடும்பப் பெயர். ‘இன்சூல்ட்’ அவமதிப்பு அல்ல, பக்கவாதம். காப்புறுதித் தாளில் வரும் ‘போலிஸ்’ காவல்துறை அல்ல, காப்புறுதிப் பத்திரம். ‘அக்குராத்னி’ துல்லியமானவர் அல்ல, நேர்த்தியானவர். ‘கந்திதாத் நாவுக்’ என்ற பட்டத்தைப் பெற்றவர் எதற்கும் வேட்பாளர் அல்ல. அது ஏறத்தாழக் கலாநிதிப் பட்டத்துக்குச் சமம்.

எடுத்த முடிவு: நடுவில் தமிழ்

அன்றிலிருந்து முறை மாறியது. ஒரு சீ.ஆர். கொப்பி, அதாவது தடித்த அட்டைக் குறிப்பேடு. இடப்பக்கத்தில் ரஷ்ய வரி, ஒவ்வொரு வரிக்கும் கீழே இரண்டு வரி இடைவெளி. அந்த இடைவெளியில் தமிழ். ‘பிணி’, ‘ஒவ்வாமை வரலாறு’ என்ற புத்தகத் தமிழ் வேண்டாம், வீட்டில் அம்மாவுக்குச் சொல்வதுபோல் எழுத வேண்டும் என்பது கட்டளை. புத்தகத் தமிழிலும் விளங்காமலே சொல்லை மாற்றிப்போட முடியும், வீட்டுத் தமிழில் அது நடக்காது. வலப்பக்கத்தில் ஆங்கிலம். ஆங்கிலம் எழுதும்போது கண் தமிழ் வரியில் இருக்க வேண்டும். எழுதி முடித்தபின் எண், பெயர், திகதி மூன்றையும் ரஷ்ய வரியோடு விரல் வைத்து ஒப்பிட வேண்டும்.

இயந்திர மொழிபெயர்ப்பை முதல் வரைவுக்குப் பயன்படுத்துவதில்லை என்றும் தீர்மானித்தார்கள். வரைவு கண்முன் இருந்தால், விளங்கிக்கொள்ளும் படி மறுபடி தவறும். கடைசியில் ஒப்பிட மட்டும் பார்க்கலாம். அகராதிக்கு மல்டிட்ரான் என்ற இணைய அகராதி. அது ஒரு சொல்லுக்குத் துறைவாரியாகப் பல பொருள்களைக் கொட்டும். அதனால் எடுத்த பொருளை ரஷ்ய மொழித் தேசியத் தொகுப்பில் (உண்மையான ரஷ்ய வாக்கியங்களைத் தேடிப் பார்க்கும் இணையத் திரட்டு) இரண்டு மூன்று வாக்கியங்களில் சரிபார்க்க வேண்டும்.

இது நேரம் பிடித்தது. முதல் மூன்று கிழமை மணிக்கு 60 சொல்லுக்கு இறங்கியது. கற்பவர் சலித்துக்கொண்டார். அது நியாயமான சலிப்புத்தான்.

ஜூன், ஜூலை: முறை வேலை செய்த இடமும் செய்யாத இடமும்

ஜூன் நடுவில், ரஷ்யாவில் படிக்கும் ஒரு மாணவனின் பெற்றோர் பல்கலைக்கழகக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தனர். வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்காக ஆங்கிலப் பிரதி வேண்டும். அதில் ஒரு வினை: ‘ஸ்தவால்’. இடப்பக்கத்தில் கற்பவர் தமிழில் எழுதியது ‘சோதனை எழுதினவன்’. பழைய முறையில் என்றால் ஆங்கிலத்தில் ‘பாஸ்’ என்று எழுதியிருப்பேன் என்று அவரே பிறகு சொன்னார்.

ரஷ்ய வினைச்சொல் ஒவ்வொன்றும் பெரும்பாலும் இரட்டையாக இருக்கும். ஒன்று முற்றாநிலை, செயல் நடந்ததைச் சொல்லும். மற்றது முற்றுநிலை, செயல் பலனோடு முடிந்ததைச் சொல்லும். ‘ஸ்தவால்’ என்றால் சோதனைக்கு இருந்தான், ‘ஸ்தால்’ என்றால் சித்தியடைந்தான். எழுத்தில் வேறுபாடு இரண்டே எழுத்து. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தான் என்பதற்கும் அனுமதி கிடைத்தது என்பதற்கும் உள்ள வித்தியாசமும் இதே வகை இரட்டைதான். ஆங்கிலத்தில் இவற்றுக்கு வெவ்வேறு வினைச்சொல் தேட வேண்டும். தமிழில் ‘எழுதினான்’, ‘பாஸ் பண்ணிட்டான்’ என்று வாயிலேயே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ‘-இட்டான்’ வந்தால் முற்றுநிலை என்பதைக் கற்பவர் தானே கண்டுகொண்டார். எல்லா இடத்திலும் இது பொருந்தாது என்றாலும் எச்சரிக்கை மணியாக நன்றாகவே உதவியது.

அதே கடிதத்தில் இன்னொரு சிக்கல் மாணவனின் பெயர். ரஷ்யப் படிவம் பெயர், தந்தைவழிப் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் கேட்கும். நமக்குத் தந்தை பெயரும் சொந்தப் பெயரும் மட்டுமே. தந்தை பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறிவிடும். எழுத்தும் மாறும். ‘ஜ’ என்ற ஒலிக்கு ரஷ்யர் இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதுவார்கள். அதை விதிப்படி ஆங்கிலத்துக்கு மீட்டால் டி, இசட், எச் என மூன்றெழுத்து. ‘ஹ’வுக்கு அங்கே நேரெழுத்து இல்லாததால், திரும்பி வரும்போது கே, எச் ஆகிவிடும். இப்படி எழுதிய பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் ஒரே ஆளுடையவை என்று எந்த அலுவலகமும் ஏற்காது. பெற்றோரிடம் கடவுச்சீட்டுப் பிரதி வாங்கி, அதில் உள்ள எழுத்துக்கூட்டலை எழுத்துப் பிசகாமல் போட்டார்கள். பெயர் மூலத்தில் வேறுவிதமாக உள்ளது என்று அடிக்குறிப்பும் கொடுத்தார்கள்.

மருத்துவத் தாள்களுக்கு இந்த இரண்டு மாதத்தில் சேர்ந்த குறிப்புகளில் முக்கியமானவை சில. ரஷ்யர் தசமத்துக்குக் காற்புள்ளி இடுவார்கள். 5,4 என்பதை ஆங்கிலத்தில் 5.4 என்று எழுத வேண்டும். அலகை மாற்றக்கூடாது. ஈமோகுளோபின் லீற்றருக்கு 132 கிராம் என்று இருந்தால் அப்படியே விட வேண்டும். இங்கே டெசிலீற்றர் கணக்கில் 13.2 என்பதை வேண்டுமானால் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகக் கீழே தரலாம். குருதி வகையை ரஷ்யர் எண்ணால் சொல்வார்கள்: முதலாவது ஓ, இரண்டாவது ஏ, மூன்றாவது பி, நான்காவது ஏபி. ‘இரண்டாம் வகை, பொசிட்டிவ்’ என்பதை அப்படியே எழுதிக்கொடுத்தால் இங்கே யாருக்கும் விளங்காது. ‘ஒவ்வாமை வரலாறு: பாரம் ஏற்றப்படவில்லை’ என்று சொல்லுக்குச் சொல் வரும் தொடருக்கு, அறியப்பட்ட ஒவ்வாமை எதுவும் இல்லை என்பதே பொருள். அச்சில் ‘யோ’ எழுத்தின் மேல் இரண்டு புள்ளியையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அதனால் ‘எல்லோரும்’, ‘எல்லாம்’ என்ற இரண்டு சொல்லும் ஒரே மாதிரித் தெரியும். வினையைப் பார்த்தே பிரிக்க வேண்டும். கையெழுத்துத் தாளில் ‘த’ எழுத்து ஆங்கில எம் போலவும் ‘ஷ’ டபிள்யூ போலவும் இருக்கும். வாசிக்க முடியாத சொல்லை ஊகிக்காமல், ‘வாசிக்க முடியவில்லை’ என்று சதுர அடைப்பில் எழுத வேண்டும்.

இனி, முறை தோற்ற இடம். ஜூலை முடிவில் வழிகாட்டி பழைய திருத்தங்களையும் புதியவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சொற்பொருள் பிழை ஏறக்குறைய இல்லை. முற்றுநிலை, முற்றாநிலை வினைப் பிழை நன்றாகக் குறைந்திருந்தது. ஆர்ட்டிக்கிளும் நீண்ட பெயரெச்சமும் பெப்ரவரியில் இருந்தபடியே இருந்தன. காரணம் தெளிவு. ரஷ்ய மொழியும் தமிழும் வேறுபடும் இடத்தில்தான் நடுவில் வைத்த தமிழ் தடுமாறி, எழுதுபவரை நிறுத்தும். இரண்டும் ஒன்றுபோல் இருக்கும் இடத்தில் அது சத்தமின்றி வழிவிட்டுவிடும். ஆர்ட்டிக்கிள் இரண்டிலும் இல்லை. பெயரெச்ச அடுக்கு இரண்டிலும் அழகு. ஆங்கிலம் மட்டும் தனித்து நிற்கும் இந்த இடங்களுக்குத் தமிழால் காவல் நிற்க முடியாது.

இதற்காக ஒரு இரண்டாம் வாசிப்பைச் சேர்த்தார்கள். ஒரு இரவு கழித்து, இடப்பக்கத்தை மூடிவிட்டு, ஆங்கிலத்தை மட்டும் சத்தமாக வாசிப்பது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் கீழும் பென்சில் கோடு போட்டு, ‘இது வாசகருக்கு ஏற்கெனவே தெரியுமா’ என்று கேட்பது. பெயர்ச்சொல்லுக்கு முன் நான்கு சொல்லுக்கு மேல் இருந்தால் வாக்கியத்தை உடைப்பது. ஆகஸ்டில் இதன் பலன் தெரியத் தொடங்கியது, ஆனால் மெதுவாகத்தான்.

ஆகஸ்ட்: எதிர்த் திசை

பவளப்பாறையை மிதிக்கவும் தொடவும் வேண்டாம் என்ற ஆங்கில அறிவித்தலை ரஷ்ய மொழியில் எழுதித் தரும்படி ஒரு படகுக்காரர் கேட்டார். கற்பவர் ‘நில்ஸ்யா’ என்ற சொல்லோடு முற்றுநிலை வினையைச் சேர்த்து எழுதினார். விடுதியில் இருந்த ஒரு ரஷ்யப் பெண்மணியிடம் காட்டியபோது, அவர் வாசித்துவிட்டு, ‘ஏன், அவ்வளவு ஆழத்திலா இருக்கிறது?’ என்று கேட்டார். அந்தச் சொல்லோடு முற்றாநிலை வினை வந்தால் ‘தொடக்கூடாது’, முற்றுநிலை வந்தால் ‘தொட முடியாது’. முடியாது, கூடாது இரண்டையும் ஒரே சொல் சுமக்கிறது. பின்னால் வரும் வினைதான் பிரிக்கிறது. அறிவித்தல் ‘தயவுசெய்து பவளத்தைத் தொடாதீர்கள்’ என்ற எளிய ஏவலாக மாற்றப்பட்டது.

இதன் பின் திசையைப் பற்றித் தீர்மானித்தார்கள். ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மட்டுமே கற்பவர் தனியே பொறுப்பெடுப்பார். ஆங்கிலத்திலிருந்து ரஷ்ய மொழிக்கு, ரஷ்ய மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் பார்க்காமல் எதுவும் வெளியே போகாது.

செப்டெம்பர் நிலை

வேகம் மணிக்கு 150 சொல். இது தொழில்முறை வேகத்துக்குக் கீழேதான். ஒரு பக்கச் சான்றுக்கு, மறுநாள் வாசிப்பையும் சேர்த்து, ஒரு நாள் கேட்கிறார். மேசையில் நின்றபடி எழுதுவதும் படமெடுத்து அனுப்புவதும் நின்றுவிட்டன. ஒவ்வொரு பிரதியின் அடியிலும், இது தகவலுக்கான மொழிபெயர்ப்பு, சட்டப்படி செல்லும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு அல்ல என்று எழுதுகிறார். காணி தொடர்பான அற்றோணித் தத்துவம் (ஒருவர் சார்பில் இன்னொருவர் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) ஒன்று வந்தபோது, முத்திரையுள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். கொடுத்தவருக்கு அது பிடிக்கவில்லை.

மாற்ற வேண்டியவை

தமிழ் வரியை முதல் நாளிலிருந்தே தொடங்கியிருக்க வேண்டும். ‘பிழை குறைவு’ என்ற கணக்கைப் பார்த்துச் சொற்பொருளைக் கவனிக்காமல் விட்டது வழிகாட்டியின் தவறு. பத்து ஆர்ட்டிக்கிள் பிழை வாசகரை உறுத்தும், ஒரு அங்கீனா ஒருவரை வைத்தியசாலைக்கு அனுப்பும். பிழைகளை எண்ணிக்கையால் அல்ல, விளைவால் எடைபோட்டிருக்க வேண்டும்.

ஆங்கிலத்துக்கான இரண்டாம் வாசிப்பை ஆகஸ்ட் வரை தள்ளியிருக்கக் கூடாது. ஆர்ட்டிக்கிள் பிழை மார்ச்சிலேயே தெரிந்தது.

தாள் எதற்குத் தேவைப்படுகிறது என்பதை வாங்கும்போதே கேட்க வேண்டும். சுழியோடலுக்கான சான்று என்று அன்று மனதில் இருந்திருந்தால், இருதயத்தைத் தொடும் எந்தச் சொல்லிலும் கை நின்றிருக்கும். மருத்துவத் தாள் எதுவானாலும் இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும். அவர் ரஷ்ய மொழி தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. மே மாத வரியை ஆங்கிலத்தில் மட்டும் வாசித்த எந்தத் தாதியும், இருதய நோய்க்கு ஏன் டொன்சிலை எடுத்தார்கள் என்று கேட்டிருப்பார்.